மூன்று வாட்ச்மேன்களும் ஒரு பஜனை பென் டிரைவும்

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கைக்கடிகாரப் பழக்கம் தெரியும். கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வந்தது, குக்கர் எத்தனையாவது நிமிடத்தில் விசிலடித்தது... எல்லாவற்றுக்கும் என்னிடம் குறிப்பு உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒரு நூறு பக்க நோட்டு வைத்திருக்கிறேன். பட்டனை அழுத்தியதிலிருந்து திரை முழுதாக வரும்வரை எவ்வளவு நேரம்? தினமும் எழுதுவேன்.

வாங்கிய புதிதில் ஒரு நிமிடம் நாற்பது நொடி. போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது நிமிடம். நடுவில் நான் காபி குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டேன்.

என் மனைவி சுபத்ரா புனேயில், கட்கி பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு, நாற்பத்தாறு பிள்ளைகள். மறுநாள் திங்கள் காலை மார்க் பட்டியலை ஹெட்மிஸ்ட்ரஸிடம் தர வேண்டும். இரண்டு வாரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் டைப் செய்து வைத்திருந்தாள். பிரிண்ட் எடுப்பது மட்டும்தான் பாக்கி.

“ஏங்க, ஏழு பி ஃபோல்டரைக் காணோம்.”

“சரியாப் பாரு.”

“அதே பேர்ல ஒண்ணு இருக்கு. தொறந்தா ஒண்ணுமே வரல.”

நான் வந்து பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை.

“விடைத்தாள்?”

“பசங்க கைல குடுத்தாச்சு. பாதி பேர் அதுல கப்பல் விட்டிருப்பாங்க.”

“வேற காப்பி எடுக்கலையா?”

சுபத்ரா மானிட்டரின் மேல் விளிம்பைப் பார்த்தாள். அங்கே நான் ஒட்டிய சீட்டு. ‘பள்ளி பென் டிரைவை இங்கே செருகக் கூடாது.’ கீழே என் கையெழுத்து. ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் நாற்பது பேர் கை படுகிறது, அங்கிருந்து வைரஸ் வரும் என்று போட்ட சட்டம். அவளிடம் இருப்பதே அந்த ஒரு பென் டிரைவ்தான். சட்டத்தை மதித்தாள். ஆகவே காப்பி இல்லை.

அந்த நேரத்திலும் நான் சும்மா இருந்தேனா? “அப்படியும் உன் ஸ்கூல்லேர்ந்துதான் ஏதோ வந்திருக்கு” என்றேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஹடப்சர் குடியிருப்பில் எதிர் ஃப்ளாட்டில் கோகிலா இருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பெண். சாகணில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர். சுபத்ரா போய்க் கூப்பிட்டதும் தலையில் ஈரத் துண்டோடு வந்துவிட்டாள்.

உட்கார்ந்து மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். எந்த புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்ற பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

“ஏனுங் சார், ஒரு வீட்டுக்கு மூணு வாட்ச்மேனுங்களா?”

விஷயம் இதுதான். மாதாமாதம் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வரும் சிடியில் ஓர் இலவச ஆன்டி-வைரஸ் இருக்கும். வந்ததையெல்லாம் போட்டேன். பழையதை எடுக்கவில்லை. பாதுகாப்பு அதிகமானால் நல்லதுதானே?

“மெமரியே எரநூத்தி அம்பத்தாறு எம்பிதானுங்க. அதுல முக்காவாசிய இவிங்களே தின்னுபோடறாங்க. திருடனப் புடிக்கறதில்ல. மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஐடி கார்டு கேட்டுட்டு நிக்கறாங்க. கடைசியா எப்பங்க அப்டேட் பண்ணுனீங்க?”

யோசித்தேன். வாழ்க்கையில் நான் குறித்து வைக்காத ஒரே விஷயம் அதுதான் போலிருக்கிறது.

“செரி, எப்பலேர்ந்து ரொம்ப ஸ்லோ ஆச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?”

ஞாபகமா? என்னிடமா? பெருமையோடு நோட்டை எடுத்து நீட்டினேன்.

கோகிலா பின்னாலிருந்து புரட்டினாள். ஒன்பது நிமிடம், எட்டு, ஆறரை... மூன்று வாரம் முன்னால் போய் விரல் நின்றது. நோட்டைச் சுபத்ரா பக்கம் திருப்பினாள். சுபத்ரா ஆசிரியைக் குரலில் வாசித்தாள்.

“‘புதன், இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. வியாழன் மாலை, போபோடி நண்பரின் பென் டிரைவிலிருந்து பஜனைப் பாடல்கள் ஏற்றினேன். வெள்ளி, நான்கு நிமிடம் ஐந்து நொடி.’” நிமிர்ந்து பார்த்தாள். “கையெழுத்து அழகா இருக்குங்க.”

போபோடி பஜனைக் குழுவில் பதினைந்து வீடுகளுக்கு ஒரே பென் டிரைவ். பிரசாதம் மாதிரி கைமாறிக்கொண்டே இருக்கும். பதினைந்து வீட்டு வைரஸும் அதில் ஏறியிருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? பாட்டு பக்திப் பாட்டாயிற்றே...

“இது மறைக்கிற வைரஸுங்க அக்கா” என்றாள் கோகிலா. “நெஜ ஃபோல்டர ஒளிச்சு வெச்சுட்டு, அதே பேர்ல தானே உக்காந்துக்கும். அழிக்கறதில்லீங்க. பயப்படாதீங்க.”

தன் வீட்டிலிருந்து ஒரு சிடி கொண்டுவந்தாள். என் மூன்று வாட்ச்மேன்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதிதாக ஒருவனை வேலைக்கு வைத்தாள். அவன் ஐம்பத்தைந்து நிமிடம் தேடி — கடிகாரம் பார்த்தேன் — ஒளிந்திருந்த வைரஸைப் பிடித்தான். அப்புறம் மறைந்த ஃபோல்டரை வெளியே வரவழைக்க, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி டைப் செய்து என்டர் தட்டினாள் கோகிலா.

ஏழு பி வந்தது. சுபத்ரா முதல் பெயரைப் பார்க்கவில்லை. நேரே கடைசிக்குப் போனாள். நாற்பத்தாறாவது பையன், கணக்கில் எழுபத்தொன்று. மூச்சு விட்டாள். “சலோ, இப்ப சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று கோகிலாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

அடுத்தவர் பையைச் சோதிக்க நம்மிடம் எத்தனை விதிகள். நம் சட்டைப் பையில் இருப்பது மட்டும் எப்போதும் சுத்தம்.

திங்கள் காலை மார்க் பட்டியல் போய்விட்டது. கம்ப்யூட்டர் இப்போது இரண்டு நிமிடம் ஐந்து நொடி. நோட்டில் ‘அப்டேட்’ என்று ஒரு புதிய கட்டமும் போட்டிருக்கிறேன். மானிட்டர் சீட்டைச் சுபத்ரா கிழிக்கவில்லை. சிவப்புப் பேனாவால் ‘பள்ளி’யை அடித்து, மேலே ‘பஜனை’ என்று எழுதியிருக்கிறாள்.

கீழே இருக்கும் கையெழுத்து இன்னும் என்னுடையதுதான்.