தம்பிக்கு ஒரு சோதனை

நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடத்தில்தான் தம்பிக்கும் ஒரு சோதனை வந்தது. அவனுக்கு நாலு வயது. பெரியாஸ்பத்திரியில் அவனைச் சோதிக்கப்போகிறார்கள் என்று அம்மா சொன்னார். சோதனைகளைப் பற்றி வீட்டில் என்னைவிட அறிந்தவர் யாருமில்லை என்பதால், அவனை ஆயத்தப்படுத்தும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

தம்பி மற்றப் பிள்ளைகளைப் போலில்லை. சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் லேபல் உரசினால் சட்டையையே கழற்றி எறிவான். ஈர மணலில் கால் வைக்கமாட்டான். சோற்றில் குழம்பு பட்டால் ஓங்காளிப்பான். பாலர் பாடசாலையில் பிள்ளைகள் கைதட்டிப் பாடியபோது அவன் அலறிய அலறலில் பாட்டே நின்றுபோனது. கொஞ்சம் வளர்ந்த பிறகு கொண்டுவாருங்கள் என்று ரீச்சர் அனுப்பிவிட்டார். செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை என்றார் பெரியம்மா. அம்மா களுவாஞ்சிக்குடியில் டொக்டரிடம் காட்டி பெரியாஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு, முறை வரும்வரை இரண்டு மாதம் காத்திருந்தார்.

அந்த இரண்டு மாதமும் நான் பாடம் நடத்தினேன். பிசைந்த மாவுக்குள் கையை வைத்தால் பத்து எண்ணும்வரை எடுக்கக்கூடாது. நான் தட்டத்தில் கரண்டியால் தட்டினால் பத்துவரை காதைப் பொத்தக்கூடாது. அவன் கண் கலங்கும். ஆனால் உதட்டை அசைத்து எண்ணுவான். நான் சொன்னால் எதையும் செய்கிற பிள்ளை அவன்.

அந்த நாளும் வந்தது. பஸ் ஹோர்ன் அடித்தபோதெல்லாம் அம்மாவின் மடியில் முகம் புதைத்தான். கல்லடிப் பாலத்தில் வாவியைக் காட்டினேன், நிமிரவேயில்லை.

பெரியாஸ்பத்திரியில் எங்களைக் கூப்பிட்ட அறையில் பாயும் பந்தும் ஊஞ்சலும் ஒரு தட்டில் மணலும் இருந்தன. அவனைச் சோதிக்கவிருந்த மிஸ் தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். தம்பி மணலுக்குள் கையை வைத்தான். மிஸ் மணியை ஆட்டினார், காதைப் பொத்தவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் முகம்தான் வெளிறிப்போனது.

"வீட்ட இப்பிடி இல்ல மிஸ். நான் பொய் சொல்லல்ல."

மிஸ் அம்மாவைப் பார்க்கவில்லை. தம்பியின் உதட்டையும், அவன் கண் போன திசையில் நின்ற என்னையும் பார்த்தார்.

"அக்காவா சொல்லிக் குடுத்த?"

"ஓம் மிஸ். பத்து மட்டும் தாங்குவான்."

"பத்துக்குப் பிறகு?"

பத்துக்குப் பிறகு என்னிடம் பாடம் இருக்கவில்லை. பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மாவிலிருந்து எடுத்த கையைத் தோல் சிவக்கும்வரை தேய்ப்பதையும், மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கடியில் போய்க் கிடப்பதையும், அப்போது முதுகில் தலையணையை வைத்து நான் அழுத்தினால் அமைதியாவதையும் சொன்னேன். மிஸ் எழுதிக்கொண்டே போனார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் பேனாவை நிறுத்தினார். அப்படி அழுத்துவதுதான் சரியான வேலை, நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதை நீயாகவே கண்டுபிடித்திருக்கிறாய் என்றார். ஆனால் இனி அவன் எண்ணித் தாங்க வேண்டாம், கஷ்டமென்றால் கஷ்டம் என்று சொல்லப் பழகட்டும் என்றும் சொன்னார்.

அதன்பிறகு கிழமைக்கு ஒருதரம் பஸ் ஏறினோம். மிஸ் கொடுத்த கடிதத்தைப் படித்த பிறகு, பாட்டு நேரத்தில் அவனைக் கதவோரம் இருத்த ரீச்சர் சம்மதித்தார். வருடமுடிவுக் கலைவிழாவில் வரிசையின் கடைசியில் நின்று, இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டே முழுப்பாட்டையும் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடி முடித்தான். முன்வரிசையிலிருந்து எழுந்து, அது என் தம்பி என்று நான் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

ஆனால் முதல்நாள் அறையைவிட்டு வெளிக்கிடும்போது நடந்ததுதான் எனக்குக் கனகாலம் விளங்கவில்லை. மிஸ் அம்மாவிடம் சொன்னார்:

"சில பிள்ளையள் இப்பிடித்தான் பிறக்கிற. உங்கட வளர்ப்பில ஒரு பிழையுமில்ல."

அம்மா கதவடியில் நின்றுவிட்டார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க மிஸ்."

மிஸ் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, திரும்பவும் சொன்னார். அம்மா என் பக்கம் திரும்பி, "நீயும் கேட்டயா மகள்?" என்றார்.

ஓம் என்றேன். மிஸ் முதல்தரமே தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்போல என்று நினைத்துக்கொண்டு, நான் முன்னால் நடந்தேன்.