பேட்டைத் துரைசானி

முத்துராணிக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்று எங்கள் ஊரான பேட்டையில் சொல்வார்கள். தெரியாமல் இல்லை. தப்புச் செய்யாத இடத்தில் கேட்க மாட்டாள், அவ்வளவுதான். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் முகம் தெரியாத வெள்ளைக்காரர்களிடம் போனில் "சாரி, சாரி" என்று சொல்லியே வயிறு வளர்த்தவள். வாழ்நாளுக்கு வேண்டிய மன்னிப்பை அங்கேயே கேட்டு முடித்துவிட்டேன் என்பாள். அவளிடம் ஆங்கிலம் படித்தவள் நான். ஆகையால் இதை நடுநிலையோடு எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவள் பிறந்தது ஆழ்வார்குறிச்சி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சென்னைக்குப் போய், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலையில் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரர், வாங்கிய பொருள் சரியில்லை என்று கத்திவிட்டுக் கடைசியில், 'ஐ ஆம் அட் தி எண்ட் ஆஃப் மை ரோப்' என்றாராம். கயிற்றின் முனையில் இருக்கிறேன் என்கிறார். இவளோ, மனுஷன் தூக்குப் போட்டுக்கொள்ளப் போகிறான் என்று நினைத்து, ஐயா அவசரப்படாதீர்கள், கயிற்றைக் கீழே போடுங்கள், வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அழுதே விட்டாள். பொறுமை எல்லை கடந்துவிட்டது என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. அந்த ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் பேசிய பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு உயிருக்காகப் பதறியவளைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. எனக்கு இன்றைக்கும் அந்த ஆத்திரம் தீரவில்லை.

அதற்குப் பிறகு இந்த மாதிரிச் சொற்களை ஒன்று விடாமல் தேடிப் பிடித்துப் படித்தாள். கல்யாணமாகிப் பேட்டைக்கு வந்ததும் ஒரு லேத் பட்டறையின் மாடியில் அறை பிடித்து வகுப்பு ஆரம்பித்தாள். பட்டம் கிடையாது, போர்டு கிடையாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒருத்தியும் இந்தச் சொற்களால் நாலு பேர் முன்னால் கேலிப்பொருளாக நிற்கக்கூடாது என்ற வீம்பு மட்டும் இருந்தது.

நாங்கள் பீடி சுற்றுகிறவர்கள். வகுப்புக்கும் தட்டோடுதான் போவோம். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். கை பீடி சுற்றும், வாய் ஆங்கிலம் பேசும். 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் அத்தி பூத்த மாதிரி. 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது. 'கோல்டு ஷோல்டர்' என்றால் முகம் கொடுக்காமல் போவது, இதை எங்கள் தெருவில் சம்பந்திகள் நன்றாகவே செய்வார்கள். 'புல்லிங் மை லெக்' வரும்போது மட்டும் எங்களை எச்சரிப்பாள். அவர்கள் காலை இழுத்தால் வெறும் கிண்டல், நம்மவர்கள் காலை வாரினால் துரோகம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பாள்.

எங்களில் சூட்டிகை கலையரசி. ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலைக்குப் போக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பெருமாள்ராஜ் தொழிற்பேட்டையில் லேத்தில் கடைசல் வேலை செய்கிறவன். அந்த வருஷம் குலசை அம்மன் கோயில் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுவதாக நேர்ந்து மாலை போட்டிருந்தான். காளி வேஷம் என்றால் விளையாட்டில்லை. நாள்கணக்கில் விரதம், தனிச் சமையல், ஒருவேளைச் சாப்பாடு. கொடியேற்றத்துக்கு முன்பே எங்கள் தெருத் தசராக் குழு மேளத்தோடு ஒத்திகை பார்த்தது. முதல்முதலாகக் கிரீடமும் சடைமுடியும் வைத்துப் பார்க்க அவன் வீட்டைவிட்டு இறங்கும்போது, கலையரசி ஆசையாக, 'பிரேக் எ லெக்' என்று சொல்லிவிட்டாள்.

மேடையேறப் போகிறவருக்கு வெள்ளைக்காரர்கள் சொல்லும் வாழ்த்து அது. சொல்லைப் பார்த்தால் கால் ஒடியட்டும் என்று இருக்கும். கெட்டதைச் சொல்லி வைத்தால் கண் படாமல் நல்லது நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வாசலில் பூசணிக்காயில் பூதம் வரைந்து கட்டித் தொங்கவிடுகிற நமக்கா இது புரியாது என்று முத்துராணி சொல்லிக் கொடுத்திருந்தாள். புரிந்ததுதான். ஆனால் வெளியே கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்காத ஊர் இது. விரதக்காரனிடம் அதைச் சொல்லக்கூடாது என்று கலையரசிக்குத் தோன்றவில்லை. அவன் அர்த்தம் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் போனான். ஒத்திகை முடிந்து குழுவின் வண்டியிலிருந்து குதிக்கையில் காளியின் பாவாடை காலைச் சுற்றி, கீழே விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் வைத்து அவன் அம்மா ஆறுமுகத்தாய், கிளம்பும்போது என்னவோ இங்கிலீஷில் சொன்னாயே, அது என்ன என்று மருமகளிடம் கேட்டாள். கலையரசிக்குப் பொய் சொல்ல வராது. அர்த்தத்தோடு சொல்லிவிட்டாள்.

"நாக்குல சனிய வச்சிக்கிட்டு எம்மவன வழியனுப்பிட்டியேட்டி" என்று ஆறுமுகத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். மகனுக்காக அவள் எத்தனை கோயில் ஏறி இறங்கியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைய பொழுது சாய்வதற்குள் கலையரசி புருஷன் காலை ஒடித்தவள் ஆகிவிட்டாள், முத்துராணி அதைச் சொல்லிக் கொடுத்தவள் ஆகிவிட்டாள். கலையரசிக்கு வகுப்பு நின்றது. மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். முத்துராணி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், ஒடிந்த காலைப் பார்த்து அழுதாள். அழுதாளே ஒழிய மன்னிப்புக் கேட்கவில்லை.

அறைக்குச் சொந்தக்காரர் தில்லைநாயகம் அண்ணாச்சி. தசராக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் நல்லவராக இருக்க ஆசைப்படுகிறவர், அது இன்னும் தொல்லை. மாடிக்கு வந்து பைய ஆரம்பித்தார்.

"அம்மன் முன்னால தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிரும்மா. கை காலு வருத சொல்லெல்லாம் விட்டுட்டு மத்தத நடத்து. இல்லன்னா ஆறுமுகத்தா அவ வாயால சரின்னு சொல்லட்டும். ரெண்டும் இல்லன்னா தசரா முடிஞ்சதும் ரூம காலி பண்ணிரு."

"அண்ணாச்சி, தப்புன்னு நான் சொன்னா அந்தச் சொல்லுதான் கால ஒடிச்சதுன்னு ஆயிரும். கலையரசி அந்த வீட்டுல காலம் பூரா தலை குனிஞ்சு கெடக்கணும். ஒரு ரூமுக்காக அந்தப் பிள்ளைய நான் விக்க மாட்டேன்" என்றாள் முத்துராணி. "நம்ம தெருவுல பெத்த பிள்ளைய, கால ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்னு வையாத தாயி யாரு? எந்தப் பிள்ளைக்குக் கால் ஒடிஞ்சிருக்கு, சொல்லுங்க."

அண்ணாச்சி பிடரியைத் தடவிக்கொண்டே படியிறங்கிப் போனார்.  அடுத்த வாரம் வகுப்பில் நான் ஒருத்திதான் இருந்தேன். ஒருத்திக்கும் அவள் குரலைக் குறைக்கவில்லை. அன்றைய பாடம் 'பைட் தி புல்லட்', பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது. வீட்டில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் கலையரசியை நினைத்து அவளுக்கும் சேர்த்து அந்தச் சொல்லை இரண்டு தடவை சொன்னேன்.

பிறகு முத்துராணி செய்ததுதான் ஊரையே மூக்கில் விரல் வைக்கச் செய்தது. அவளும் மாலை போட்டுவிட்டாள். கொடியேறியதும் குலசைக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். என்ன வேஷம் என்று கேட்டவர்களிடம் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் தெருவில் இறங்கினாள், துரைசானி வேஷத்தில். பழைய வெள்ளை நைட்டியில் லேஸ் வைத்துத் தைத்த நீள கவுன், குற்றாலத்தில் விற்கும் ஓலைத் தொப்பி, முகம் முழுக்கப் பவுடர், ஒரு கையில் குடை, மறுகையில் காணிக்கைத் தட்டு. நான் கூடவே போனேன். குழுவின் மேளமும் பின்னால் வந்தது, வராமல் இருக்க முடியாது, காப்புக் கட்டிய வேஷத்தை எந்தக் குழுவும் தனியே விடாது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காப்புக் கட்டி வேஷம் போட்டவர் வாசலில் வந்து நின்றால் அது அம்பாள் வந்து நிற்பது. ஏழு தலைமுறைப் பகையாளியாக இருந்தாலும் கதவைச் சாத்தக்கூடாது, வெறுங்கையோடு அனுப்பக்கூடாது.

துரைசானி ஒவ்வொரு வீட்டிலும் காணிக்கையை வாங்கிக்கொண்டு, திருநீற்றோடு ஒரு ஆங்கிலச் சொல்லும் அதன் அர்த்தமும் கொடுத்தாள். டீக்கடையில், 'டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்', கேட்டதையெல்லாம் அப்படியே நம்பாதே என்று அர்த்தம். தில்லைநாயகம் அண்ணாச்சி தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்தியோடு காணிக்கை போட்டார். அவருக்கு, 'சிட்டிங் ஆன் தி ஃபென்ஸ்' கிடைத்தது. மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருப்பது என்று அவள் அர்த்தம் சொன்னதும் கூட்டம் சிரித்தது. அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பிறகுதான் யோசித்தார். யோசித்தபடியே அவரும் எங்களோடு நடந்து வந்தார்.

ஆறுமுகத்தாய் வீட்டு வாசலில் மேளம் நின்றது. உள்ளே பெருமாள்ராஜ் மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். அடுப்படி வாசலில் கலையரசி, பாதி முகம்தான் தெரிந்தது. ஆறுமுகத்தாய் துரைசானியை ஏற இறங்கப் பார்த்தாள். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் உள்ளே போய்ச் சுளகில் அரிசியும் காசும் கொண்டுவந்து தட்டில் போட்டாள். போய் வா என்பதுபோல் கும்பிட்டாள். துரைசானி போகவில்லை.

"இந்த வீட்டுக்குச் சேர வேண்டிய சொல்லு, 'பேக் ஆன் யுவர் ஃபீட்'. விழுந்து கெடந்தவன் எந்திரிச்சு தன் காலுல நிக்கதுன்னு அர்த்தம்" என்றாள் முத்துராணி. அவள் குரல் உயரவே இல்லை. "அந்தச் சொல்லு உங்க மகன் கால ஒடிச்சிச்சுன்னா, இந்தச் சொல்லு அவன எந்திரிக்க வைக்கணும். இது ஒண்ணும் செய்யாதுன்னா, அதுவும் ஒண்ணும் செய்யல. ரெண்டுல எது வேணுமோ நீங்களே எடுத்துக்கோங்க சித்தி."

 ஆறுமுகத்தாய் மகனைப் பார்த்தாள், கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். எதை வேண்டாம் என்று சொல்வாள்? தன் பிள்ளை எழுந்து நடப்பான் என்ற சொல்லை எந்தத் தாய்க்குத் தள்ள மனம் வரும்? அவள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "இன்னொருக்கச் சொல்லு தாயே" என்றாள்.

"எனக்கு இன்னும் பாதித் தெரு கெடக்கு. கலையரசி வகுப்புக்கு வந்து படிச்சா, தெனம் காலைல அவளே உங்க மகனுக்குச் சொல்லுவா" என்றாள் முத்துராணி.

 ஆறுமுகத்தாய் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏட்டி கலையரசி, நாளைக்கு மொத ஆளா வகுப்புக்குப் போயிரு. அந்தச் சொல்ல நல்லாப் படிச்சிட்டு வந்து எம்மவன் காதுல சொல்லு" என்றாள்.

கலையரசி அடுப்படியிலிருந்து முழுசாக வெளியே வந்தாள். முத்துராணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு தில்லைநாயகம் அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தாள். ஆறுமுகத்தாய் அவள் வாயால் சொன்னதைக் கேட்டேன், கேட்டேன் என்று அவர் தலையை ஆட்டினார். துரைசானி குடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனாள்.