நைனா ஏறிய ஏரோப்ளேன்

தாராளமயம் வந்த புதிதில் எங்கள் சித்தூர்ப் பக்கம் இரண்டு வகை ஆட்கள் உண்டானார்கள். மாம்பழக் கூழை டின்னில் அடைத்து வளைகுடாவுக்கு அனுப்பியவர்கள் ஒரு வகை, தங்களையே அனுப்பிக்கொண்டவர்கள் இன்னொரு வகை. பங்காருபாளையத்தில் கூழ் ஆலை வைத்திருந்த என் முதலாளி முதல் வகை. கூழ் விற்ற தெம்பில் பழைய நாலு சீட்டு விமானம் ஒன்றை வாங்கி, திருப்பதிக்குப் பக்கத்தில் ரேணிகுண்டாவில் நிறுத்தியிருந்தார். பெங்களூரில் விமானக் கருவிகளைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த நான் இரண்டாம் வகை. அதுவரைக்கும் அவருடைய விமானத்துக்கு நான்தான் வைத்தியன்.

நான் ஏரோப்ளேன் ரிப்பேர் செய்கிறேன் என்பதை என் அப்பா, நைனா, பாதிதான் நம்பினார். ஊரார் நிலத்தில் கூலி செய்து, பிற்பாடு சர்க்கார் கொடுத்த பட்டா நிலத்தில் வேர்க்கடலை போட்டவர் அவர். மீதிப் பாதியைக் கண்ணால் பார்த்துவிட விஜயபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். அன்று வெள்ளிக்கிழமை, விமானத்துக்கு முதல் பூஜை போட்ட நாள். முதலாளி நல்ல குஷியில் இருந்தார்.

"பெரியவரே, ஏறுங்க. ஏடுகொண்டலவாடு, நம்ம ஏழுமலையான் மலையை மேல இருந்து பாருங்க" என்றார்.

நைனா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, முதலாளிக்குப் பின்னால் ஏறினார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பத்தே நிமிஷத்தில் விமானம் திரும்பி வந்து இறங்கியது.

கேப்டன் பட்டாளத்தில் ஓட்டி ஓய்வு பெற்ற மலையாளி. இறங்கியதும் என் மேல் பாய்ந்தார். விமானம் ஏறுகிறது, உயரம் காட்டும் முள் தரையிலேயே நிற்கிறது. ஏறும் வேகத்தைக் காட்டும் முள்ளும் அசையவில்லை. ஓடும் வேகம் குறைந்துகொண்டே போவதாக மூன்றாவது முள் சொல்கிறது. டவரிலிருந்து, "நீங்கள் பறக்கிறீர்களா, ரோட்டில் போகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். தானாக ஓட்டும் ஆட்டோபைலட்டோ இன்னும் தரையில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மூக்கை மேலே மேலே தூக்குகிறது. அதை அணைத்துவிட்டு, வெறும் கண்ணை நம்பி இறக்கியிருக்கிறார்.

முதலாளியின் வேட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கேப்டனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"மூணு மாசமா சொக்கமா பறந்த வண்டி. இன்னிக்குன்னு ஏமி கர்மய்யா இது! ராசின்னு ஒண்ணு உண்டு கதா? எவரெவரையோ ஏத்தினா இப்படித்தான்" என்றார்.

நைனா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். என் அறைக்கு வந்தும் சாப்பிடவில்லை.

"ரெண்டு வாய் துன்னு நைனா."

"வாணாம்டா. நா ஏறியிருக்கக் கூடாது. நம்மளுக்கெல்லாம் இன்னாத்துக்கு அது? ஒன் வேலைக்கும் உலை வெச்சிட்டன் போலகீது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலாளியை டின்னில் அடைத்து அனுப்பியிருப்பேன். பழுது எங்கே என்று காட்டி அந்த மனிதர் வாயை அடைக்காமல் நைனாவை ஊருக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் விமானத்துக்குள்ளேயே கிடந்தேன். ஐந்து சாமான் ஒன்றாகப் படுத்தால் ஐந்துக்கும் பொதுவாக ஏதோ ஒன்று படுத்திருக்க வேண்டும். வயர்தான் என்று வயரை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். உயரத்தை டவருக்குச் சொல்லும் பெட்டியைக் கழற்றி மாட்டினேன். ஆட்டோபைலட் பெட்டியையும் கழற்றி மாட்டினேன். தரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே? தரையில் நிற்கிற விமானத்தில் முள் தரையைக் காட்டினால் யார் குற்றம் சொல்வது?

திங்கட்கிழமை காலை முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"போன வெள்ளிக்கிழமை பண்ணாப்புல இன்னொரு பூஜை பண்ணு. பெரியவரு ஏறின தோஷம் போகணும்."

பறக்கப் போகிறவர் என்று நைனாவை உள்ளே விட்டார்கள்; அனுமதிச் சீட்டு இல்லாத ஐயரை விட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பூஜையையும் நான்தான் செய்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சந்தனம் குழைத்தேன். மூக்குக்கு ஒரு பொட்டு, கதவுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. கதவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காசளவில் வெள்ளித் தகடு ஒன்று இருக்கும். பொட்டு வைப்பதற்கென்றே செய்தது மாதிரி லட்சணமாக இருக்கும். பழைய பொட்டு அதில் கெட்டியாகக் காய்ந்திருந்தது. புதிது வைப்பதற்காக ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் ஊசித் துளை ஒன்று தெரிந்தது.

அடப்பாவி! வெளிக்காற்று உள்ளே போகிற துளை அது. அந்தக் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் மூன்று முள்ளும் நகரும், டவருக்கு உயரம் போகும், ஆட்டோபைலட்டுக்கும் புத்தி வரும். இதைப் பெங்களூரில் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அளவு பார்த்து, அழகு பார்த்து அடைத்திருக்கிறேன். மூன்று நாளாக அந்தப் பொட்டுகளைத் தாண்டித்தான் உள்ளே போனேன், வந்தேன். கேப்டனும் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினார், நெற்றியில் சந்தனக் குறியோடு. பொட்டு இல்லாத வண்டிதான் எங்கள் கண்ணை உறுத்தும். விரலில் இருந்த சந்தனம் காய்கிறவரை அங்கேயே நின்றேன்.

குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். கேப்டனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் மலையாளத்தில் திட்டியது எனக்குப் புரியாமல் போனது என் அதிர்ஷ்டம். என்னையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். முட்கள் சமர்த்தாக ஏறின.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. தோஷம் போயிற்று என்று முதலாளி தேங்காய் உடைத்திருப்பார், தோஷம் நைனாவுடையதாகவே நின்றிருக்கும். அறைக்குப் போய் நைனாவை இழுத்துக்கொண்டு வந்து, முதலாளி முன்னால் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஓட்டையை அடைச்சவன் நான் சார். நைனா இல்ல."

முதலாளி கத்தத் தொடங்கினார். நைனா அதைக் காதில் வாங்கவே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு ஓட்டையுமாடா?"

"ரெண்டும்தான் நைனா."

"அடைச்சிக்கினேதான் மேல போய் வந்தமா?"

"ஆமா."

நைனா தோளில் கிடந்த துண்டை உதறினார். முதலாளி கத்தி ஓய்கிறவரை பொறுத்திருந்துவிட்டு, மரியாதை குறையாமல் கேட்டார்.

"சாமி, எம் மவன் அப்படி அடைச்சி வெச்சும் நீங்க உசுரோட எறங்கினீங்களே, அது யாரு ராசி?"