என்னை வேண்டாம் என்று எழுதுங்கள்

"என்னை வேண்டாம்னு எழுதிடுங்க பாய்," என்றாள் அந்தப் பெண். இன்னும் உட்காரக்கூட இல்லை. கார் சாவி கையில் இருந்தது.

வேலை கேட்டுக் கெஞ்சியவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் கெஞ்சியிருக்கிறேன். கொடுத்துவிடாதே என்று கெஞ்சியது அவள் ஒருத்திதான்.

அவள் அமீரகக் குடிமகள், முப்பதைத் தாண்டியவள். வங்கி வேலை போன பிறகு அரசின் உதவித்தொகையில் இருந்தாள். வேலை தேடித் தரும் திட்டத்திலிருந்து எங்கள் கட்டுமான நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தார்கள். முதலில் பயிற்சி, தேறியதும் வேலை. ஆங்கிலமும் இந்தியும் கலந்து, இந்தியில் அண்ணன் என்று பொருள்படும் 'பாய்' போட்டு, அவள் சொன்னதன் சாரம் இதுதான்: "வேலை வேண்டாம்னு நான் சொன்னா என் பணம் நின்னுடும். நீங்க என்னை வேண்டாம்னு சொன்னா நிக்காது."

வீடு ராஸ் அல் கைமாவில். அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். டிரைவரோடு போக மாட்டாராம். மகள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்தால்தான் ஊசி போட விடுவாராம். தினம் துபாய் வந்து திரும்பினால் ஷார்ஜா நெரிசலிலேயே பாதி நாள் கரைந்துவிடும்.

நியாயம்தான். ஆனால் ஐயோ பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குக் கொடுக்கவிருந்தது என் நாற்காலி.

கட்டடங்களின் வரைபடங்களைப் பாதுகாப்பது என் வேலை. ஒரு சுவர் நகர்ந்தால், ஒரு குழாய் வளைந்தால், புதிய வரைபடம் வரும். அதைப் பதிந்து, பழையதன் மேல் 'செல்லாது' என்று சிவப்பு முத்திரை குத்தித் தனியே எடுத்து வைக்க வேண்டும். அந்த முத்திரையோடுதான் பல வருடங்கள் ஓடின. ஈரம் காயும் வரை அதன் மேல் ஊதுவேன். இன்னொரு காகிதத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது பாருங்கள்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நடைபாதையில் போனேன், வந்தேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தண்ணீர் இயந்திரத்தில் ஒரு டம்ளர் பிடித்து, குடிக்காமல் செடிக்கு ஊற்றினேன். அது பிளாஸ்டிக் செடி. அவள் கேட்டதை எழுதினால் அவள் பணமும் தப்பும், என் நாற்காலியும் தப்பும். இப்படி ஒரு பொருத்தம் எங்கேயாவது அமையுமா? மேலாளர் அறைக்குள் போனேன்.

மேலாளர் மதுரைக்காரர், என்னைவிட இளையவர்.

"வேணாம்னு எழுதிரலாமா தம்பி?"

"வெளாடுறீகளாண்ணே? காரணம் கேப்பாய்ங்க. அம்புட்டுப் படிச்ச ஆளு, வங்கியில இருந்த ஆளு. என்னத்தைச் சொல்ல? மூக்கு சரியில்லைன்னா?"

"தூரம்னு சொல்றாங்க."

"அது அவங்க சொல்லணும். அந்தச் சேர்ல உள்ளூர் ஆள் உக்காரலைன்னா கம்பெனிக்கு ஃபைன். அவங்களுக்குக் குடுக்க வேற சேரும் இல்லண்ணே." பேனாவைத் திருகினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவங்க தேறுற வரைக்கும் நீங்க இருக்கீக. அப்புறம் பாப்போம்."

அப்புறம் பாப்போம். வளைகுடாவில் இந்த இரண்டு சொற்களைக் கேட்டு ஊருக்குப் பெட்டி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

திரும்பிப் போய், எழுத முடியாது என்றேன்.

"சரி பாய். அப்ப நானே வேண்டாம்னு சொல்லிடறேன். பணம் போனாப் போகட்டும். கலாஸ், முடிஞ்சது."

பையைத் தோளில் மாட்டினாள். கதவு நான்கடி தூரம். நான் சும்மா இருந்தால் போதும். அவள் வெளியே போவாள், அவள் பணம் நிற்கும், என் நாற்காலி அடுத்த ஆள் வரும்வரை எனக்கே. என் மகளுக்கு அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. என் வேலை போனால் விசா போகும், குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்று வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் தினமும் என் மனைவி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சும்மா இரு, சும்மா இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

"ராஸ் அல் கைமாவில எங்களுக்கு ஒரு சைட் ஆபீஸ் இருக்கு."

அவள் திரும்பினாள்.

"அங்க உக்காந்தும் இந்த வேலையைச் செய்யலாம். எல்லாம் கம்ப்யூட்டர்லதானே வருது. நான் இங்கிருந்து போன்ல சொல்லித் தர்றேன்."

மேலாளர் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அவருக்கு உட்கார ஆள் வேண்டும், எந்த ஊரில் உட்கார்ந்தால் என்ன.

அன்று மாலை நாங்கள் குடியிருக்கும் கராமாவில் மெட்ரோவை விட்டு இறங்கியும் வீட்டுக்குப் போகவில்லை. பேருந்து நிறுத்தம், மீன் சந்தை, மறுபடி பேருந்து நிறுத்தம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் ஓசை ஒவ்வொரு கடையிலிருந்தும் என் பின்னாலேயே வந்தது. கடைசியில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"அவ பாட்டுக்குப் போயிட்டிருந்தாளா?"

"ஆமா."

"கூப்பிட்டு உக்கார வச்சீங்களா?"

"ஆமா."

"ஊருக்கெல்லாம் யோசனை சொல்ல வருது உங்களுக்கு." கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்துக்கு, உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள், "அம்மா, கூல்!" என்று குரல் கொடுத்தாள். ஆனால் தட்டில் எப்போதும்போல் ஒரு தோசை கூடுதலாக வந்தது.

தினமும் காலையில் போன் வரும். அவள் கேட்பாள், நான் சொல்வேன். சில நாள் பின்னால் மருத்துவமனை இயந்திரத்தின் பீப் பீப் கேட்கும். கெட்டிக்காரி. ஒரு முறை சொன்னால் போதும். இவள் தேறிவிட்டாள் என்று நான்தான் எழுத வேண்டும். எழுதிய அன்று நான் கிளம்ப வேண்டும்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் அவள் கேட்டாள். "உங்க பொண்ணுக்குப் பரீட்சை எப்ப முடியுது பாய்?"

"மார்ச் கடைசி."

"இன்ஷா அல்லா" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு எதுவும் புரியாமல் போனது. நேற்று கேட்டதை இன்றும் கேட்டாள். திட்டத்துக்கு வாராவாரம் அவள் அனுப்ப வேண்டிய குறிப்பில், கஷ்டமாக இருக்கிறது, இன்னும் பயிற்சி தேவை என்றே போய்க்கொண்டிருந்தது.

"என்னண்ணே, அந்தம்மா இன்னும் தேறலையா?" என்றார் மேலாளர்.

"மெதுவாத்தான் வர்றாங்க தம்பி."

"வங்கியில எப்படிக் குப்பை கொட்டுச்சு?"

பிப்ரவரியில் ஒரு காலை, சீக்கிரமாகவே அலுவலகம் வந்து கணினியைத் திறந்தேன். ராஸ் அல் கைமா சைட்டின் புதிய வரைபடங்கள் ஒரு கட்டு முந்தின நாள் வந்திருந்தது. அத்தனையையும் அவள் பதிந்து முடித்திருந்தாள். ஒரு பிழை தேடினேன். கண் வலிக்கும்வரை தேடினேன். ஓரிடத்தில் நான் செய்திருந்தால் தவறவிட்டிருப்பேன், அவள் விடவில்லை.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளினேன், முன்னால் இழுத்தேன். மார்ச் இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை.

போன் அடித்தது.

"பாய், ஒரு சந்தேகம். புது வரைபடம் வந்துட்டா பழையதைத் தூக்கிப் போட்டுடலாமா?"

இதே கேள்வியைப் போன வாரமும் கேட்டாள். அதற்கு முந்தைய வாரமும்.

"தூக்கிப் போடக் கூடாதும்மா," என்று தொடங்கினேன். அவசரப்படாமல், முதலிலிருந்து, ஒவ்வொன்றாக.