ஐந்தரை பவுண்டு விசை

வெர்லின் ஸ்ட்ரௌட் தம் அறுபத்து மூன்று வருட வாழ்க்கையில் ஒரு தப்பும் செய்தவரல்லர். செய்ததெல்லாம் சாமான்கள். பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்தில் பந்து ஓரத்துப் பள்ளத்தில் உருண்டால் பந்தின் துளைகள் சரியில்லை என்று அர்த்தம். அதற்காக மூன்று பந்துகள் மாற்றினார். ஏரியில் மீன் சிக்காவிட்டால் தூண்டில் மட்டம். மாட்டிறைச்சி கரிந்து போனால் அடுப்பின் மூடி கோணல். முதல் மனைவி அவரை விட்டுப் போனதற்குக்கூட அந்தப் பழைய வீட்டின் சமையலறை ரொம்பக் குறுகல் என்பதே காரணம். இதை இரண்டாவது மனைவி டார்லீனிடம் அவரே சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டதால் அவளும் பெரிய சமையலறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இந்த வசந்தத்தில் கோளாறு வந்த சாமான், அவர் இடுப்பில் சட்டைக்கடியில் இருக்கும் கைக்கடக்கமான பிஸ்டல். அதிலும் முழுப் பிஸ்டல் இல்லை, ட்ரிகர் என்கிற விசை மட்டும். கம்பெனி பொருத்தி அனுப்பிய விசையை ஐந்தரை பவுண்டு அழுத்தினால்தான் சுடும். அது கரடுமுரடு, இழுவை நீளம், நடுவில் மணல் அரைபடுவது போல இருக்கிறது என்று ஆறு வாரமாக அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மிசூரியின் அந்த மலைக்காட்டு ஊரில் ஆள்தொகையைவிடத் துப்பாக்கித்தொகை அதிகம். ஆகவே கேட்கவும் ஆள் இருந்தது, ஆளுக்கொரு கருத்தும் இருந்தது.

பொழுதுபோக்குக்காக அவர் பிஸ்டல் வைத்திருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வெர்லின், கேடர் ஃபோர்க் பாப்டிஸ்ட் சபையில், யாராவது சுட வந்தால் தடுக்கிற வாசல் காவல் குழுவில் ஒருவர். ஞாயிறுதோறும் முன்வாசலில், கோட் மாட்டும் ஆணிகளுக்குப் பக்கத்தில், காதில் சுருள் வயரோடு நிற்பார். வருகிறவர்களுக்குக் கதவு திறந்து, கை குலுக்கி, குழந்தைகளுக்குப் புதினா மிட்டாய் கொடுப்பார். முப்பத்திரண்டு வருஷம் சமையல் எரிவாயு லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு, வாரத்தில் அவரை எதிர்பார்த்து யாராவது வருவது அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற ஆறு நாளும் அவரை எதிர்பார்ப்பது நாய் மட்டுமே. அதுவும் அவரை எதிர்பார்க்கிறதா, சாப்பாட்டு டப்பாவை எதிர்பார்க்கிறதா என்பதில் டார்லீனுக்குச் சந்தேகம் உண்டு.

குழுவில் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஏப்ரலிலும் தேர்வு. சபை விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் வைத்துத் தரும் அதே காகிதத் தட்டை மரச்சட்டத்தில் ஒட்டுவார்கள். இருபத்தைந்து தோட்டாவில் குறைந்தது இருபது தட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் பிஸ்டலை வீட்டில் வைத்துவிட்டு, ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டி, வண்டி நிறுத்துமிடத்தில் முட்டி வலிக்காரர்களைச் சின்ன பேட்டரி வண்டியில் ஏற்றி இறக்க வேண்டியதுதான். போன வருஷம் வெர்லினுக்குச் சரியாக இருபது. அதில் ஒன்று தட்டின் ஓரச் சுருக்கத்தைக் கிழித்திருந்தது. கர்த்தரின் கிருபையால் கணக்கில் சேர்ந்தது. இந்த வருஷம் பயிற்சியில் பதினாலு. தவறியதெல்லாம் கீழே, இடப்பக்கம்.

"கை நல்லாத்தான் இருக்கு," என்றார் டார்லீனிடம். அதை நிரூபித்தும் காட்டினார். பிஸ்டலைக் காலி செய்து, குழலின் மேல் ஒரு காசை நிறுத்தி, தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவரின் டையைக் குறிபார்த்து விசையை இழுத்தார். டிக். காசு அசையவில்லை. பத்துத் தடவை இழுத்தார். வானிலைக்காரர் பத்துத் தடவை செத்துவிட்டு, நாளை மழை என்றார்.

"வீட்டுல இருக்கிறதும் அதே ட்ரிகர் தானே வெர்லின்?" என்றாள் டார்லீன், துணி மடித்துக்கொண்டே.

"அதே தான்."

"அப்ப இங்க மட்டும் ஏன் காசு விழல?"

"உனக்கு இது புரியாது. தோட்டா போட்டா வெயிட்டு மாறும்."

"ஆமாமா. எனக்கு என்ன புரியும்? நான் சும்மா துணி மடிக்கிறவ."

இணையத்தில் புரிகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வெர்லின் இரவு பகலாகப் படித்ததில் அவர்கள் மூன்று கட்சி. விசையை மாற்று என்பவர்கள் முதல் கட்சி. மாற்றிய நாள் முதல் தங்கள் தாம்பத்தியமே சீராகிவிட்டது என்கிற அளவுக்கு எழுதியிருந்தார்கள். மாற்றாதே, அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகு என்பது இரண்டாவது கட்சி. இந்தக் கட்சிக்காரர்களை யாருக்கும் பிடிக்காது. மூன்றாவது கட்சி, அந்தப் பிஸ்டலே குப்பை, விற்றுவிட்டு நான் வைத்திருப்பதை வாங்கு என்றது. எது கேட்டாலும் அதே பதில்தான்.

பெட்ரோல் பங்க்கில் காலைப் பலகாரம் சாப்பிடும்போது கார்லண்டிடமும் கேட்டார். கார்லண்ட் அதே காவல் குழுவில் பக்கவாசல்காரர். பன் போன்ற பிஸ்கட்டின் மேல் வெள்ளைக் குழம்பை ஊற்றி முழுங்குகிற வேகத்திலேயே தீர்ப்பும் சொல்லுவார்.

"மாத்திடுய்யா. மூணரை பவுண்டு. விரல வச்சா போதும், வெண்ணெயாட்டம் போவும்."

"நாளைக்கு ஏதாவது ஆகிக் கோர்ட்டுக்குப் போனா? இந்த ஆளு ட்ரிகர லேசாக்கி ஆளக் கொல்லத் திட்டம் போட்டான்னு வக்கீல் சொல்ல மாட்டானா?"

"யோவ், நீ பதினாலு போட்டவன். முதல்ல ஆள் மேல படட்டும், அப்புறம் கோர்ட்டப் பத்திக் கவலப்படு."

கார்லண்டின் வாதத்தில் இருந்த அநியாயம் வெர்லினைச் சுட்டது. அன்று மாலையே புது விசைக்கு ஆர்டர் சொல்லிவிட்டார். சிவப்பு அலுமினியம், தட்டை முகம், மூன்றரை பவுண்டு. நான்கு நாளில் பெட்டி வந்தது. வந்த பெட்டி, ரொட்டி சுடும் மிஷினுக்குப் பக்கத்தில், திறந்தபடி பதினொரு நாள் இருந்தது. காலையில் காப்பி குடிக்கும்போது பொருத்திவிடலாம் என்று தோன்றும். சாயங்காலம் வேண்டாம் என்று தோன்றும். டார்லீன் அதன் மேல் ஒரு நாள் வெங்காயம் வைத்தாள். இதற்காக இருவரும் அரை நாள் பேசவில்லை.

தேர்வுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், பெட்டியையும் பிஸ்டலையும் எடுத்துக்கொண்டு ஓபல் ஃபின்ச்சிடம் போனார். காவல் குழுவின் தலைவி அவர்தான். அறுபத்தெட்டு வயது, ஐந்தடி உயரம், மாவட்டக் காவல் துறையில் இருபத்தாறு வருஷம். அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய ஜல்லிக் குழிதான் சபையின் சுடுகளம்.

"சிஸ்டர் ஓபல், இதப் போடட்டுமா, வேணாமா? நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க."

ஓபல் சிவப்பு விசையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அழகா இருக்கு. காதுல போட்டுக்கலாம்." பெட்டியில் திரும்ப வைத்தார். "பிரதர் வெர்லின், பத்து குண்டு சுடுங்க. ஆனா நான்தான் லோடு பண்ணுவேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

வெர்லின் திரும்பி நின்றார். பின்னால் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கும் சத்தம் கேட்டது. ஓபல் கொடுத்ததை வாங்கி, தட்டைக் குறிபார்த்து இழுத்தார். டம். கீழே, இடப்பக்கம். மறுபடி டம். கீழே. மூன்றாவது தடவை இழுத்தார்.

டிக்.

சத்தம் வரவில்லை, தோட்டா வரவில்லை. ஆனால் பிஸ்டலின் மூக்கு, யாரோ தலையில் தட்டியது போல, இரண்டு விரற்கடை கீழே, இடப்பக்கம் குனிந்தது. வெர்லினுடைய கண்ணும் இறுக மூடியிருந்தது. மூடியிருந்தது என்பது அதைத் திறந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"உள்ள நாலு போலி போட்டிருக்கேன்," என்றார் ஓபல். "பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும், மருந்து இருக்காது. இன்னும் ஏழு இருக்கு, சுடுங்க."

சுட்டார். எது நிஜம், எது போலி என்று தெரியாமல் சுட்டார். மிச்ச மூன்று போலிக்கும் மூன்று தடவை மூக்கு குனிந்தது. கடைசி டிக் கேட்டபோது வெர்லினுக்குக் காது சூடாகிவிட்டது. அவமானம்தான். வேறு பெயர் வைக்க முடியாது.

"சத்தத்துக்குப் பயப்படுறீங்க பிரதர்."

"நானா? பதினொரு வருஷமா துப்பாக்கி வச்சிருக்கேன் சிஸ்டர்."

"பதினொரு வருஷமா பயப்படுறீங்க. அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

"கேஸ் லாரி ஓட்டுனேன். தெரியாதா உங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முப்பத்திரண்டு வருஷம் ஒரே ஒரு வேலை: டம் என்ற சத்தம் கேட்காமல் பார்த்துக்கொள்வது. வால்வைத் திறக்கும்போது, குழாயைக் கழற்றும்போது, யாராவது பக்கத்தில் சிகரெட் எடுக்கும்போது அந்தக் கை முதலில் சுருங்கி, பிறகுதான் வேலை செய்தது. அப்படிச் சுருங்கியதால்தான் அவர் உயிரோடு ஓய்வு பெற்றார். இப்போது அதே கையில் ஒரு சின்ன வெடியைக் கொடுத்து, அசையாமல் இரு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ட்ரிகர் மாத்துனா?" என்றார் மெல்ல. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணு ரெண்டு கூட விழும். நாளைக்கு இருபதே போட்டாலும் போடுவீங்க." ஓபல் காலித் தோட்டாக்களைப் பொறுக்கினார். "ஆனா ஞாயித்துக்கிழம வாசல்ல காகிதத் தட்டு நிக்கப் போறதில்ல. பிள்ளைங்க நிப்பாங்க. கண்ண மூடுற ஆளுக்கு விரல வச்சாலே சுடுற ட்ரிகர் வேணுமான்னு நீங்களே சொல்லுங்க. பழகுனா இந்தப் பயம் போகும், ஆனா ஒரு நாள்ல போகாது."

அன்று ராத்திரி வானிலைக்காரர் தப்பித்தார். வெர்லின் பிஸ்டலைத் தொடவேயில்லை.

சனிக்கிழமை ஜல்லிக் குழியில் ஆறு பேர் நின்றார்கள். கார்லண்ட் இருபத்திரண்டு போட்டுவிட்டு, தட்டைச் சுவரில் மாட்டும் படம் போலப் பிடித்துக்கொண்டு வந்தார். வெர்லினின் பெயரைக் கூப்பிட்டதும் அவர் போய், உறையோடு பிஸ்டலைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் சுடல. என்னைய வண்டிக்குப் போட்டுடுங்க."

"என்னய்யா, ட்ரிகர் வந்து சேரலயா?" என்றார் கார்லண்ட்.

"வந்துச்சு," என்றார் வெர்லின். ஆரஞ்சுச் சட்டை எங்கே என்று ஓபலைக் கேட்டார்.

மறுநாள் ஆரஞ்சுச் சட்டை அவருக்கு ஒரு அளவு சின்னது. காலி இடுப்பு பல் விழுந்த இடம் போலக் குறுகுறுத்தது. ஊரே தன் இடுப்பைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பேட்டரி வண்டியை ஓட்டினார். பதினொரு வருஷம் சட்டைக்கடியில் இருந்ததை எப்படி ஊர் பார்க்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது நடையில் யூனிஸ் டாக்கெட் ஏறினார். எண்பத்தொரு வயது விதவை. கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, முன்வாசலை எட்டிப் பார்த்தார்.

"அங்க யாரோ நிக்கிறானே. நீ ஏன் நிக்கல? நீ வாசல்ல இருக்கிற தைரியத்துலதான்ப்பா நான் சர்ச்சுல கண்ண மூடித் தூங்குறேன்."

வெர்லினுக்கு முகம் சுண்டியது. உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று நினைத்தார். "இல்லம்மா, இப்ப எங்கிட்ட அது இல்ல."

"எது இல்ல?"

"பிஸ்டல்."

"உங்கிட்ட பிஸ்டல் இருந்துச்சா?" கிழவிக்கு வாய் பிளந்தது. "கர்த்தரே! எதுக்கு? குழந்தைங்க ரூம் ஹீட்டர்ல கேஸ் கசியுதுன்னு வாசல்ல நின்னே மோந்து கண்டுபிடிச்சியே, பன்னெண்டு பிள்ளைங்களத் தூக்கிட்டு வெளிய ஓடுனியே, நான் அதச் சொல்றேன். என் பேத்தியும் அதுல ஒருத்தி. மறந்துட்டியா?"

வெர்லின் மறந்துதான் போயிருந்தார். அதற்கென்று சாமான் எதையும் வாங்காததால் நினைவில் நிற்கவில்லை போலும். வண்டியை வாசலில் நிறுத்தி, கிழவியை இறக்கி, அவர் உள்ளே போகும் வரை கையைப் பிடித்திருந்தார்.

திங்கட்கிழமை காலை சிவப்பு விசையைத் திருப்பி அனுப்பப் பெட்டி கட்டினார். கூடவே ஒரு சீட்டு நிரப்ப வேண்டியிருந்தது: திருப்புவதற்கான காரணம். பொருளில் பழுது, அளவு தவறு, விளக்கத்தில் சொன்னபடி இல்லை, மற்றவை. வாழ்நாள் முழுக்க அவர் முதல் கட்டத்தில்தான் டிக் அடித்திருக்கிறார். டார்லீன் காப்பியோடு தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

வெர்லின் பேனாவை ரொம்ப நேரம் வைத்திருந்துவிட்டு, 'மற்றவை' என்பதற்கு எதிரே எழுதினார்: சாமானில் கோளாறு இல்லை.

டார்லீன் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, பெட்டி போஸ்ட் ஆபீசுக்குப் போகும் முன்பே, போனை எடுத்து அந்தச் சீட்டைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாள்.