கஞ்சி போட்ட வலை

ராசிபுரம் செங்கோடன் இரண்டு வருஷம் எங்கள் கல்லூரிக்காக பாஸ்கெட்பால் ஆடினார். கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷம் வரையில் அவர் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. புள்ளிக் கணக்கு எழுதியவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். அந்தக் கடைசி நிமிஷத்தில் அவர் போட்டது எப்போது கோல் ஆயிற்று என்பதில் மட்டும் இரண்டு கருத்து உண்டு. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது சேலத்தில் இருந்த ஒரு சின்னக் கல்லூரி. இண்டர்மீடியட் மட்டும்தான். ஒருவன் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு தேறும்போது அவனுக்குப் பரீட்சை வந்துவிடும். பங்குனி முடிந்தால் ஊருக்குப் போய்விடுவான். அதனால் எங்கள் அணி வருஷந்தோறும் பாதி காலியாகும். ஆடுகளம் மண் தரை. சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கும். இரண்டு பக்கமும் பலகை அடித்த கம்பம், பலகையில் இரும்பு வளையம், வளையத்தில் கயிற்று வலை. எல்லோரும் வெறுங்காலோடுதான் ஆடினோம். நான் ஆடவில்லை, எனக்கு ஓட்டம் வராது. மேஜை போட்டு உட்கார்ந்து எழுதினேன்.

செங்கோடன் என் வகுப்பில்தான் படித்தார்; வயதில் மூத்தவர். தறிக்காரக் குடும்பம். தகப்பனார் காலமான பிறகு அண்ணன் காளியண்ணன் தறியில் உட்கார்ந்து இவரைப் படிக்க அனுப்பினார். அம்மாபேட்டையில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, கல்லூரிக்கு நடந்து வருவார். நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. கை மட்டும் நீளம். எதிரி அணிக்காரன் பந்தோடு வந்தால் இவர் தொடமாட்டார், தள்ளமாட்டார். அவன் போக நினைத்த இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டிருப்பார். அது எப்படி அவருக்குத் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம். ஒரு தடவை கேட்டேன். நாடா எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது, எந்தக் கை இழுக்கிறதோ அதைப் பார்க்க வேண்டும் என்றார். தறியில் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடுவது நாடா.

இப்படிக் காவல் நிற்பவரை கார்டு என்போம். எங்கள் டிரில் மாஸ்டர் தங்கசாமி வைத்திருந்த சட்டம், கார்டு நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்பது. ஆட்டத்தின் விதியில் அப்படி எதுவும் கிடையாது. அது அவருடைய சொந்தச் சட்டம். நடுக்கோட்டைத் தாண்டாதவன் கோல் போடுவது எப்படி? செங்கோடனுக்கு அதில் வருத்தம் இருந்ததாக எனக்கு முதலில் தெரியாது. இரண்டாம் வருஷம் தீபாவளி லீவு முடிந்து வந்தபோதுதான் சொன்னார்.

விஷயம் இதுதான். தம்பி காலேஜுக்காகப் பந்து ஆடுகிறான் என்று காளியண்ணன் தெருவெல்லாம் சொல்லியிருந்தார். தெருவை ஒட்டிய பாவடியில் காலையில் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீள நூலை, நீட்டிக் கஞ்சி தடவும்போது தெருவே அங்கேதான் கூடும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் யாராவது ஒருவர், "என்ன காளியண்ணா, தம்பி போட்டானா?" என்று கேட்பார். காளியண்ணனுக்குப் பொய் வராது. "இன்னமில்லீங்க" என்பார். முதலில் அக்கறையாகக் கேட்டவர்கள் பிறகு விளையாட்டாகக் கேட்க ஆரம்பித்தார்கள். விலைக்குப் போகாத சேலையைக்கூட "செங்கோடன் பந்து" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்களாம்.

காளியண்ணன் தம்பியிடம் நேராகவே கேட்டிருக்கிறார்.

"பந்த அந்த வளையத்துல போடத்தான சாமி எல்லாரும் போறீங்க? நீ என்ன பண்றே?"

"போட வர்றவனப் போட உடாம நிக்கறனுங்கண்ணா."

"அதுக்கு ஒரு நாய் போதுமே சாமி."

இதை என்னிடம் சொல்லும்போது செங்கோடன் சிரிக்கத்தான் சிரித்தார். ஆனால் கல்லூரியை விட்டுப் போவதற்குள் ஒன்று, ஒன்றே ஒன்று போட்டுவிட வேண்டும், அண்ணன் அந்தப் பாவடியில் ஒருநாளாவது "போட்டான்" என்று சொல்ல வேண்டும் என்றார். படிப்பு முடிந்ததும் அவர் அந்தத் தெருவுக்குத்தான் திரும்பிப் போயாக வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. தங்கசாமி மாஸ்டர் தம் சட்டத்துக்கு ஒரு விலக்கும் வைத்திருந்தார். வருஷத்தின் கடைசி ஆட்டத்தில், கடைசிப் பத்து நிமிஷம், படிப்பு முடிந்து போகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் நின்று ஆடலாம். அதில் வெற்றி தோல்வியை அவர் பார்ப்பதில்லை.

1938 பிப்ரவரி 26, சனிக்கிழமை. மாசி மாதம். கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்று எங்களோடு ஆட வந்தது. எங்களில் போகிறவர்கள் மூன்று பேர்: தலைவர் கெங்கவல்லி பச்சமுத்து, பரமத்தி வேலூர் நாச்சிமுத்து, செங்கோடன்.

ஒரு பக்கத்து வலை அப்போது நைந்து போயிருந்தது. தறிக்கார வீட்டில் நூலுக்கா பஞ்சம் என்று மாஸ்டர் முந்தின மாதமே செங்கோடனிடம் ஒரு வலை கேட்டிருந்தார். இவர் ஊருக்குப் போனபோது கையை விரித்து அளவு காட்டி, மேலே அகலம், கீழே வரவர ஒடுக்கம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த வலையை எடுத்துக்கொண்டு, செவ்வாய்ப்பேட்டையில் நூல் வாங்க வந்த கையோடு, காளியண்ணன் அன்று ஆட்டத்துக்கே வந்துவிட்டார். தம்பியின் ஆட்டத்தை அவர் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. நூல் மூட்டையை என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

அவர் வந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. இடைவேளையில்தான் வலையைப் பிரித்தார்கள். நூலைப் பல புரியாக முறுக்கி முடிந்த அழகான வலை. ஒரு முடிச்சும் கோணவில்லை. ஆனால் வெறும் நூலாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. பாவுக்குப் போடுவதுபோலவே அரிசிக் கஞ்சியில் தோய்த்து வெயிலில் காயவைத்து எடுத்து வந்திருந்தார். தரையில் வைத்தால் தானாக நிற்கும்போலிருந்தது.

"கஞ்சி காணாத நூல எப்படீங்க வெளிய அனுப்பறது? துணி கட்டாத ஆள அனுப்புன மாதிரி" என்றார் மாஸ்டரிடம்.

புது வலை ஒன்றுதான். இரண்டாம் பாதியில் நாங்கள் பந்து போட வேண்டிய பக்கத்தில்தான் நைந்த வலை இருந்தது; அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார்கள். போட்டுப் பார்க்க நேரமில்லை. விசில் ஊதிவிட்டது.

முதலில் பச்சமுத்து போட்டார். பலகையில் பலமாக அடித்து விழுந்த பந்து வலைக்குள் போய், ஒரு கணம் தயங்கி, முக்கி முக்கிக் கீழே வந்தது. பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "கோழி முட்டை போடுதுடா" என்று யாரோ சொன்னார்கள். அடுத்த பந்துக்கும் அப்படியே. கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவர்கள் எங்களைவிட மிக முன்னால் இருந்தார்கள்.

கடைசிப் பத்து நிமிஷம் வந்தது. மாஸ்டர் கையை உயர்த்தினார். செங்கோடன் நடுக்கோட்டுக்கு வந்து நின்றார். தாண்டவில்லை. இரண்டு வருஷப் பழக்கம். பச்சமுத்து வந்து முதுகில் கைவைத்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஏம்பா, அங்க போய் நில்லு. பந்து வந்தா யோசிக்காத. தூக்கிப் போடு."

போட்டார். முதல் பந்து பலகைக்கு மேலே போய் வேலிக்கு அப்பால் விழுந்தது. இரண்டாவது வளையத்தின் அடியில் பட்டது. மூன்றாவதை எதிரி தட்டிப் பறித்துக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் காளியண்ணன் என்னிடம், "இது சேத்தியாங்க?" என்று கேட்டார். இல்லையென்று நான் தலையாட்டினேன். அவருக்கு ஆட்டம் புரியவில்லை. தம்பி போட வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. நாச்சிமுத்துவும் பச்சமுத்துவும் தங்களுக்கு வந்த பந்துகளை எல்லாம் செங்கோடனிடமே தள்ளினார்கள். இன்னும் இரண்டு தவறின. நேரம் முடிந்துகொண்டிருந்தது.

கடைசிப் பந்தை அவர் பக்கவாட்டில் நின்று, அவசரமில்லாமல், இரண்டு கையாலும் எறிந்தார். பந்து பலகையை லேசாகத் தொட்டு, வளையத்தின்மேல் ஏறி, விளிம்பிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வேகமெல்லாம் தீர்ந்த பிறகு உள்ளே இறங்கியது. இறங்கி, வலைக்குள்ளேயே நின்றுவிட்டது.

எல்லோரும் கீழே பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. மேலே பார்த்தோம். கூண்டில் இருப்பதுபோல் பந்து இருந்தது.

நடுவர் சண்முகவேல் மதராஸில் ஆடிப் பழகியவர். விசில் ஊதி இரண்டு விரலைக் காட்டினார். கோயமுத்தூர்த் தலைவன், பந்து கீழே வரவில்லையே என்று கேட்டான். பந்து மேலிருந்து உள்ளே போய் அங்கேயே நின்றாலும் கோல்தான், விதி அப்படித்தான் இருக்கிறது என்றார் நடுவர். அவன் சரி என்றான்; அவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை. நான் செங்கோடன் பேருக்கு நேரே எழுதிவிட்டேன். ஆட்டம் முடிந்ததற்கான நீண்ட விசிலும் அப்போதே ஊதியாயிற்று. அவர்கள் முப்பத்தொன்று, நாங்கள் பதினேழு.

செங்கோடன் அண்ணனைத்தான் பார்த்தார். காளியண்ணன் மூட்டையிலிருந்து எழுந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, களத்துக்குள் போனார். நேரே நடுவரிடம்.

"அது ஆவாதுங்க."

"ஏன் ஆகாது?"

"நாடா பாவுக்குள்ள போயி நடுவுல நின்னுக்கிட்டா அத ஒரு எழைன்னு சேத்துக்க மாட்டமுங்க. அந்தப் பக்கம் வந்து உளுந்தாத்தான் எழை. கஞ்சி போட்டது என்ற தப்புங்க. அதுக்காவ இத சேக்கக் கூடாது."

நடுவர் பல ஆட்டம் பார்த்தவர். ஒரு அணிக்காரன் கோலை எதிரணிக்காரன் மறுப்பதைப் பார்த்திருக்கிறார். கூடப் பிறந்தவன் மறுத்து அவர் பார்த்ததில்லை. உங்கள் தம்பி ஒரு கோல் போட வேண்டும் என்று உங்களுக்கு ஆசையில்லையா என்று கேட்டார்.

"இருக்குதுங்க. அதனாலதான் சொல்றேன். நாளைக்குப் பாவடியில கேப்பாங்க, பந்து கீழ வந்துச்சான்னு. நானு என்னங்க சொல்லட்டும்?"

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் சொல்வது சரிதான் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே தறியில் வளர்ந்தவர்கள். விதிப் புஸ்தகத்தைக் காட்டி என்ன பயன்? அது அந்தத் தெருவில் செல்லாது.

காளியண்ணன் வலையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். ஆட்டக்காரர்கள் குடிக்க வைத்திருந்த பானை இருந்தது. என் மேஜையைக் கம்பத்தடிக்குத் தூக்கிப் போனார்கள். பச்சமுத்து அதன்மேல் ஏறிக் குனிந்து நிற்க, அவர் முதுகில் காளியண்ணன் ஏறினார். சொம்பு சொம்பாக வாங்கி, வலையின் வெளிப்பக்கம் மட்டும் தண்ணீர் விட்டார். விறைத்துப்போன பாவை இளக்குவதுபோல இரண்டு விரலால் ஒவ்வொரு கண்ணாகக் கசக்கினார்.

"பந்தத் தொடலீங்க. பாத்துக்கங்க" என்று கீழே எல்லோருக்கும் சொன்னார்.

"நீங்க தொட்டா என்ன, தொடாட்டி என்ன, எம் முதுகு போச்சுங்க" என்றார் பச்சமுத்து.

காளியண்ணன் கீழே இறங்கினார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. கஞ்சி ஊற வேண்டும் என்றார். கோயமுத்தூர்க்காரர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர்களுடைய மாஸ்டர் கூப்பிட்டும் ஒருவனும் நகரவில்லை. நாச்சிமுத்து பிரிவுக்காகத் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த வெற்றிலைக் கட்டைப் பிரித்து இரண்டு அணிக்கும் கொடுத்தார். எல்லோரும் வெற்றிலை மென்றுகொண்டு, தலையை அண்ணாந்து, ஒரு பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். செங்கோடன் மட்டும் அதைப் பார்க்கவில்லை. வளையத்துக்கு நேர்கீழே, வழக்கம்போல, பந்து வரவேண்டிய இடத்தில் போய் நின்றுகொண்டார்.

வலை கொஞ்சம் நீண்டது. வெள்ளைத் தண்ணீர் சொட்டியது. பந்து ஒரு விரற்கடை இறங்கி நின்றது. மறுபடி இறங்கியது. பிறகு சத்தமே இல்லாமல் நழுவி, செங்கோடன் கைக்குள் விழுந்தது.

நடுவர் சண்முகவேல் மறுபடியும் விசில் ஊதி, முன்போலவே இரண்டு விரலைக் காட்டினார். காளியண்ணன் திரும்பி என்னைப் பார்த்து, "இப்ப எழுதிக்கங்க" என்றார். முன்பே எழுதிவிட்டதை நான் சொல்லவில்லை. விசில் இரண்டு தடவை ஊதினாலும் புள்ளி இரண்டுதான். ஆக, விதிப்படி அந்தக் கோல் ஆட்டத்துக்குள் விழுந்தது. அண்ணன் கணக்குப்படி ஆட்டம் முடிந்து, வெற்றிலை போட்ட பிறகு விழுந்தது.

செங்கோடன் அந்த வருஷம் தேறினார். மேலே படிக்க மதராஸ் போக வசதியில்லை. ராசிபுரத்திலேயே நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தா ஆனார். 1946இல் சங்கக் கணக்கைத் தணிக்கை செய்ய நான் போனபோது அவரைப் பார்த்தேன். நூல் தட்டுப்பாட்டுக் காலம். நூல் வாங்க நீண்ட வரிசை. இடையில் புகுந்து முன்னே போகப் பார்ப்பவனை அவர் தொடவில்லை, தள்ளவில்லை. அவன் போக நினைத்த இடத்தில் முன்கூட்டியே நின்றிருந்தார். அவன் பின்னால் போனான்.

சாப்பாட்டு நேரத்தில், எனக்கு எட்டு வருஷமாக இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். மறுநாள் காலை பாவடியில் என்ன நடந்தது?

அவர் அன்று ஊருக்குப் போகவில்லை. அண்ணி நல்லம்மாள் சொல்லித்தான் அவருக்கே தெரியுமாம். காளியண்ணன் வழக்கம்போலக் கஞ்சிக் கலயத்தோடு போயிருக்கிறார். பாவில் முதல் கை வைப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார், தம்பி போட்டானா என்று.

காளியண்ணன் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, "போட்டானுங்க. கீழ வரத்தான் கொஞ்சம் நேரமாயிப் போச்சு" என்றாராம்.