திலகாவின் முன் பிரேக்

புக்கிட் பெலண்டோக்கில் ரொட்டிச்சானாய்க் கடை முன்னால் நிற்கும் எந்த மோட்டார் சைக்கிளையும் அமிர்தலிங்கம் சும்மா கடந்து போவதில்லை. தெரிந்தவர் வண்டியோ தெரியாதவர் வண்டியோ, முன் பிரேக் பிடியை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. பிடி தொளதொளத்தால் உச்சுக்கொட்டுவார். வண்டிக்காரர் வெளியே வந்து முறைத்தால், "பஞ்சு கணக்கா இருக்கேப்பா. வூட்ல புள்ளைங்க இருக்குல்ல?" என்று அவரையே திருப்பிக் கேட்பார். மோட்டார் திருடனோ என்று பதறி ஓடிவந்தவர், புத்திமதி கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர். அண்ணாந்து அண்ணாந்து பார்த்தே கழுத்து சற்றுப் பின்னால் சாய்ந்து நின்றுவிட்டது. முள்ளும் கனமுமாகக் குலை தலைக்கு மேலே தொங்கும். அதற்கெல்லாம் அவர் அஞ்சியதில்லை. மகள் திலகா போர்ட்டிக்சனில் தாதி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் பயம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்தது. தோட்டத்துச் செம்மண் சாலை இறக்கத்தில் வந்து பெரிய ரோட்டில் முட்டும். அந்தச் சிம்பாங் சந்தியில் பழ லாரிகள் யாருக்கும் நிற்பதில்லை. "வந்துட்டேன்" என்று மகளிடமிருந்து போனில் செய்தி வரும்வரை அவர் கை அரிவாளில் நிலைக்காது. "வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டே திரியிறாரு, பக்கத்துல நிக்க முடியல" என்பார் மனைவி நீலாவதி.

அப்படிப்பட்டவர் கண்ணில், மகளுடைய மோட்டாரின் பிரேக் எண்ணெய்க் குழாயில் மயிரிழை வெடிப்பு பட்டால் என்ன ஆகும்? விடிந்ததும் லுக்குட்டில் மகேந்திரனின் உதிரிபாகக் கடை வாசலில் நின்றார். கடைக்காரன் இன்னும் பூட்டைத் திறந்திருக்கவில்லை.

ரப்பருக்குப் பதிலாக எஃகுக் கம்பி பின்னிய குழாய்கள் சிவப்பும் நீலமும் தங்கமுமாகத் தொங்கின. ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்தார். கம்பிப் பின்னலும் முனைப் பூணும் சேரும் இடத்தை நகத்தால் கீறினார். மலிவானது ஒன்றில் பூண் சற்றுக் கோணல். அதைத் தொட்டதே பாவம் என்பதுபோல் தள்ளி வைத்தார்.

"அண்ணே, ஹோஸ் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"கிண்டல் பண்ணாதலா. முன்னால தூக்குனா இழுக்கக்கூடாது, ஹெண்டல் ஒடிச்சா மடங்கக்கூடாது. அந்த மாதிரி அளவு குடு."

கண்ணாடி போன்ற உறைக்குள் கம்பி தெரியும் குழாய் ஒன்றுதான் கடைசியில் தேறியது. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத சாமானை அவர் நம்புவதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை; வந்ததும் வீட்டு முற்றத்தில் மாட்டினார். பழைய செம்பு வாசர் வளையங்களை மகள் கண்ணெதிரிலேயே தூர எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போட்டார். முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவைத்துக் குழாய் இழுக்கிறதா என்று பார்த்தார். பிறகு குழாயிலிருந்து காற்றை எடுக்கும் வேலை. திலகா மேலே பிடியை அழுத்த, அவர் கீழே திருகைத் திறந்து மூடினார்.

"புடி. விடாத, விடாத... ம், இப்ப விடு."

"குமிழியே வரலப்பா. எனக்குக் கை வலிக்குதுலா."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அந்த ஒன்று முடிய இருட்டிவிட்டது. பிடி கல்லாக நின்றது. அன்று ராத்திரி மனிதர் குறட்டை விட்டுத் தூங்கியதை நீலாவதி ஊரெல்லாம் சொன்னார்.

அந்த வாரத்திலேயே ஆயுத பூஜை வந்தது. தோட்டத்து வழக்கம் தெரிந்ததுதானே. அரிவாள், உளி, தள்ளுவண்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய்த் துணியால் மினுமினுக்கத் தேய்த்துச் சந்தனம் வைப்பார்கள். இரும்பு என்று கண்டதை எல்லாம் தேய்த்துக்கொண்டே வந்த அமிர்தலிங்கம், மகளுடைய மோட்டாருக்கும் வந்தார். புதுக் குழாயின் பூணைத் தேய்த்தார். முன்சக்கரத்து டிஸ்க் தட்டையும் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் திலகா வேலைக்குப் புறப்பட்டாள்.

கால் மணி நேரத்தில் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். கால்சட்டை முழுக்க லாலாங் புல்.

"முன் பிரேக் புடிக்கவே இல்லப்பா. சிம்பாங்ல லாரி வருது, நான் அமுக்குறேன், வழுக்கிக்கிட்டே போவுது. கால் பிரேக்க மிதிச்சு புல்லுக்குள்ள விட்டுட்டேன்."

அமிர்தலிங்கம் மோட்டாரிடம் ஓடினார். குழாயைத்தான் முதலில் தடவினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிடியை அழுத்தினார், கல்லேதான். குனிந்து டிஸ்க்கை ஒரு விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். தேங்காய் எண்ணெய். குழாய்க்காக விடிந்ததும் கடை வாசலில் போய் நின்றவர், தன் கையாலேயே மகளை லாரிக்கு முன்னால் தள்ளப் பார்த்திருக்கிறார். முற்றத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடியும் லுக்குட் கடைக்குப் போனபோது, மகேந்திரன் புதிய பிரேக் கட்டைகளை எடுத்து நீட்டினான். "வருசா வருசம் பூசைக்கு மறுநா ரெண்டு பேராச்சும் வந்துருவாங்கண்ணே. டிஸ்க்குக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டிப்புட்டு, பிரேக் புடிக்கலம்பாங்க." அமிர்தலிங்கம் கட்டைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார்.

டிஸ்க்கைச் சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார். எண்ணெய் குடித்த கட்டைகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினார். செம்மண் இறக்கத்தில் தானே ஓட்டி நிறுத்திப் பார்த்தார். நின்றது. ஆனாலும் முகம் தெளியவில்லை.

"எங் கைக்குப் புடிச்சாப் போதுமா? உங் கைக்குப் புடிக்கணும்" என்று மோட்டாரைத் திலகாவிடம் கொடுத்துவிட்டு இறக்கத்தில் இறங்கி நடந்தார். பாதி தூரத்தில் திரும்பி, சாலை நடுவில் காலை ஊன்றி நின்றுகொண்டார்.

"அப்பா, பைத்தியமா? தள்ளுங்கப்பா!"

"வாம்மா. முன் பிரேக்க மட்டும் புடி."

நீலாவதி மேலிருந்து கத்தியது அவர் காதில் ஏறவில்லை. திலகா வந்தாள். முன்சக்கரம் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போதுமா?"

அமிர்தலிங்கம் திரும்பி நடந்தார். இறக்கத்தில் இன்னும் கீழே, சாலை செங்குத்தாகும் இடம்வரை போய் நின்றார். அங்கிருந்து கையைத் தூக்கி, வேகமாக வரச்சொல்லி ஆட்டினார்.